மெல்லக் கற்கும் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்: எங்கிருந்து தொடங்குவது, எதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வது?

கரும்பலகை ஓரம் எழுதியது:

வணக்கம். பள்ளி நேரம் முடிந்த பிறகு நடக்கும் துணை வகுப்பு ஒன்று இந்த ஆண்டு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். கணக்கும் மொழிப்பாடமும் சொல்லித்தர வேண்டும். "இவர்களை எப்படியாவது தேற்றிவிடுங்கள்" என்று ஒரு பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். இதற்கு முன் நன்றாகப் படிக்கும் வகுப்புகளுக்குத்தான் பாடம் எடுத்து வந்தேன். அங்கே எடுபட்ட எதுவும் இங்கே எடுபடவில்லை.

இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் என் நிலைமை உங்களுக்குப் புரியும். ஒரு பையன். அவன் நோட்டைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஓரத்தில் கோடு, தலைப்புக்கு அடிக்கோடு, முத்து முத்தான கையெழுத்து. கரும்பலகையில் நான் எழுதியது ஒரு புள்ளி விடாமல் அதில் இருக்கும். அதே கணக்கில் ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்தால் பேனா அப்படியே நின்றுவிடுகிறது. சென்ற வாரம் 503-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொன்னேன். 375 என்று எழுதினான். விகிதமும் இயற்கணிதமும் போட வேண்டிய பையன்.

இன்னொரு பிள்ளை எதைக் கேட்டாலும் "புரிஞ்சுது மிஸ்" என்பாள். வாசிக்கச் சொன்னால் உடனே பென்சில் சீவ வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருக்கும். கட்டாயப்படுத்தினால் முதல் எழுத்தைப் பார்த்து ஒரு சொல்லைத் தானாகச் சொல்கிறாள். "பறவை" என்று இருந்தால் "பச்சை" என்கிறாள்.

ஏழாம் வகுப்புப் பாடத்தை நடத்துவதா, அடிப்படைக்குப் போவதா? இரண்டுக்கும் சேர்த்து நேரம் இல்லை. அப்புறம் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது? மாலையில் கிளம்பும்போது மனசு கனத்துவிடுகிறது. விட்டுவிடும் எண்ணம் இல்லை. ஆனால் நாங்கள் முன்னே போகிறோமா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

மூன்றாம் மணி எழுதியது:

அந்த 375-ஐப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அது தற்செயலாக வந்த விடை இல்லை. ஒன்றுகளின் இடத்தில் 3-உம் 8-உம் இருக்கின்றன. "சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்று யாரோ எப்போதோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 8-இல் 3 போக 5. பத்துகளின் இடத்தில் 7-இல் 0 போக 7. நூறுகளில் 5-இல் 2 போக 3. மூன்று இடத்திலும் ஒரே விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். விதிதான் தவறு, பையன் கவனமாகத்தான் இருந்திருக்கிறான்.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-இல் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தவறுகளில் பலவற்றுக்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, பிழையான ஒரு விதியைப் பிள்ளை விடாமல் பின்பற்றுவதுதான் என்று அதில் காட்டினார்கள். கணினி நிரலில் வரும் பிழையைச் சொல்வதுபோல அவற்றை 'பக்' என்றே அழைத்தார்கள். தவறு என்று பெருக்குக் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த விதி அப்படியே அவனுக்குள் இருக்கும். நாளைக்கு 602-இலிருந்து 347-ஐக் கழிக்கச் சொன்னாலும் அதேதான் செய்வான்.

ஆகவே முதல் வேலை, "இது எப்படி வந்தது, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்பது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சரியான விடைக்கும் இதே கேள்வியை இதே குரலில் கேளுங்கள். தவறு செய்தால் மட்டுமே "எப்படி வந்தது" என்று கேட்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் கேள்வி வந்தவுடனே விடையை அழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அழித்துவிட்டால் நமக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம் கீழே இறங்குங்கள். அவன் நிச்சயமாகச் செய்துவிடும் கணக்கில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே வாருங்கள். 58-இலிருந்து 23, 52-இலிருந்து 27, 340-இலிருந்து 125, பிறகு 503. எந்த இடத்தில் நிற்கிறான் என்று பாருங்கள். நிற்கும் இடத்துக்கு ஒரு படி கீழேதான் உங்கள் பாடம் தொடங்க வேண்டும். இதைத் தனியாக உட்கார வைத்துச் செய்யுங்கள், மற்றவர்கள் பார்க்க வேண்டாம்.

என் கணிப்பு, அவன் சிக்கியிருப்பது கழித்தலில் இல்லை, இடமதிப்பில். 503-இன் நடுவில் இருக்கும் பூச்சியத்தை அவன் 'ஒன்றுமில்லை' என்று பார்க்கிறான். அங்கே பத்துகள் இல்லாமல் போகவில்லை, நூறுக்குள் கட்டப்பட்டிருக்கின்றன. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டி, அவன் கையாலேயே ஒரு நூறைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்து நூறு, பூச்சியம் பத்து, மூன்று ஒன்று என்பது நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று என்று மாறுவதைக் கண்ணால் பார்க்கட்டும். "கடன் வாங்கு" என்று சொல்லியே பழகிவிட்டோம். யாரிடம் வாங்குகிறோம், எவ்வளவு வாங்குகிறோம் என்று அந்தச் சொல்லில் தெரிவதில்லை. கட்டைப் பிரிக்கிறோம் என்றால் தெரியும்.

இன்னொரு வழியும் கொடுங்கள். 278-இலிருந்து 280-க்கு 2. அங்கிருந்து 300-க்கு 20. அங்கிருந்து 503-க்கு 203. கூட்டினால் 225. கழித்தலைப் பார்த்தாலே பயப்படும் பிள்ளைகள் பலர் இந்த வழியில் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஏனென்றால் இதில் அவர்கள் செய்வது முழுக்கக் கூட்டல்தான்.

ஏழாம் வகுப்புப் பாடமா அடிப்படையா என்று கேட்டீர்கள். நேரத்தில் பெரும்பகுதி அடிப்படைக்கு. ஒரு சிறு பகுதியை நாளைய பாடத்துக்கு ஒதுக்குங்கள், நேற்றைய பாடத்துக்கு வேண்டாம். நாம் வழக்கமாகச் செய்வது வகுப்பில் போனதைத் திரும்பச் சொல்வது. அந்தப் பிள்ளை என்னதான் ஓடினாலும் எப்போதும் ஒரு நாள் பின்னால்தான் இருப்பான். நாளை வகுப்பில் வரப்போகும் முதல் கணக்கை இன்று மாலையே அவனோடு போட்டுப் பாருங்கள். நாளை ஆசிரியர் கேட்கும்போது அவனிடம் ஒரு விடை இருக்கும். பல ஆண்டுகளாக வகுப்பில் கை தூக்காத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

அடிப்படைக்குப் போகிறேன் என்று இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். பொம்மைப் படம் போட்ட பக்கத்தை நண்பர்கள் முன்னால் திறக்கப் பதின்மூன்று வயதுப் பிள்ளை கூசிப்போவான். அதே இடமதிப்பை அவன் வயதுக்கு ஏற்ற எண்களில், வெள்ளைத்தாளில் செய்யலாம்.

அந்த அழகான நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோட்டு சுத்தமாக இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை என்று அவன் கற்றுக்கொண்டிருக்கலாம். அதற்காக அதைக் குறைத்துப் பேசாதீர்கள், அவன் பெருமையோடு செய்யும் ஒரே வேலை அது. நோட்டை மூடச் சொல்லிவிட்டு, "இப்போது என்ன செய்தோம், உன் சொந்த எண்ணை வைத்து ஒன்று போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். மறுநாள் திரும்பக் கேளுங்கள், சில நாள் விட்டு மறுபடியும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே எழுதிவிட்டார். இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் நிற்கும். பார்த்து எழுதுவது எத்தனை அழகாக இருந்தாலும் நிற்காது.

"புரிஞ்சுது மிஸ்" சொல்லும் பிள்ளையிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்பதையே நிறுத்திவிடுங்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில்தான் உண்டு. செய்யச் சொல்லுங்கள், காட்டச் சொல்லுங்கள், பிறகு காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் இதைத்தான் அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது. எனக்கு வலித்த செய்தி வேறொன்று. படிப்பில் குறைந்தவர் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்குத்தான் இன்னும் குறைவாக நேரம் கொடுத்தார்கள். அதிக நேரம் தேவைப்பட்டவர்கள் அவர்கள்தானே.

என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பின்னம் என்றாலே வாயடைத்துப்போவாள். ஒரு நாள் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டி 2/5 என்று எழுதினாள். மேலே இருப்பதையும் மேலே இருப்பதையும், கீழே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டுவது, நாம் எல்லோரும் பார்த்த தவறுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இது அரையை விடக் குறைஞ்சிருக்கே, கூட்டினா எப்படிக் குறையும்?" என்றாள். சரியான விடை 5/6 என்பது அன்று அவளுக்கு வரவில்லை. எனக்கு அது பொருட்டே இல்லை. தன் விடையைத் தானே சந்தேகப்பட ஒரு பிள்ளைக்குத் துணிச்சல் வேண்டும், எண்ணின் அளவு மனசில் இருக்க வேண்டும். அவளுக்கு இரண்டும் வந்துவிட்டன என்று அன்று எனக்குத் தெரிந்தது. மதிப்பெண் பட்டியலில் அது வராது, தலைமையாசிரியருக்குத் தெரியாது, வீட்டில் சொன்னால் புரியாது. எனக்கு அந்த மாதிரி நாட்கள் போதும்.

நான் முன்னேற்றத்தைப் பார்க்கும் அளவுகோலும் அதுதான். தவறைக் கண்டுபிடிப்பது யார்? தொடக்கத்தில் எல்லாத் தவறையும் நாம்தான் கண்டுபிடிப்போம். பிள்ளை தானே கண்டுபிடிக்கும் தவறுகள் கூடிக்கொண்டே போனால் நீங்கள் முன்னே போகிறீர்கள்.

கஷ்டமும் உண்டு. நீண்ட விடுமுறை முடிந்து வந்தால் பாதி காணாமல் போயிருக்கும். "அது தேறாதுங்க" என்று ஓய்வறையில் யாராவது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு பையன் கடைசிவரை என்னிடம் வாய் திறக்கவே இல்லை. வருவான், உட்காருவான், போவான். அவனை நான் இன்றும் நினைக்கிறேன்.

கடைசி பெஞ்சு எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. இந்த மாதிரி வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை சொல்லலாமா?

"இது ரொம்ப ஈஸி" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தைரியம் கொடுக்கத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் கேட்கிறவன் வேறு கணக்குப் போடுவான். செய்துவிட்டால் ஈஸியானதைத்தான் செய்தேன், அதில் பெருமை இல்லை. செய்ய முடியாவிட்டால் ஈஸியானதுகூட எனக்கு வராது. இரண்டு பக்கமும் அவனுக்கு நஷ்டம். "இதில் கொஞ்சம் சிக்கல் இருக்கு, சேர்ந்து பார்ப்போம்" என்று ஒரு ஆசிரியை சொல்வார். அவர் வகுப்பில் மட்டும் நான் முயற்சி செய்தேன்.

மூன்றாம் மணி சாரோடு ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. "எப்படி வந்தது சொல்லு" என்று கேட்பது நல்லதுதான். ஆனால் வாயால் சொல்வதே சில பிள்ளைகளுக்குப் பெரிய தண்டனை. எனக்கு மனசில் இருப்பது வார்த்தையாக வராது, வராததால் இன்னும் முட்டாளாகத் தெரிவேன். அந்த ஆசிரியை எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இங்கே எட்டிலிருந்து மூன்றைக் கழிச்சியா?" என்று விரலால் தொட்டுக் காட்டிக் கேட்பார். நான் தலையை ஆட்டினால் போதும். பேச்சு பிறகுதான் வந்தது.

ஒலியெழுத்து எழுதியது:

வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளோடுதான் என் வேலை. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணும் காதும் பரிசோதித்துவிடுங்கள். பார்வைக் குறைவை ஆண்டுக்கணக்கில் மறைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தங்களுக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நடுக்காதில் நீர் கோத்தால் கேட்கும் திறன் வந்து வந்து போகும், அதை யாரும் கவனிப்பதில்லை.

பிறகு தனியாக உட்கார வைத்து, பொருளே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். "தபுலி", "கெமோடு" என்று எதையாவது எழுதுங்கள். "பறவை"யைப் "பச்சை" என்பவள் முதல் எழுத்தை வைத்து ஊகிக்கிறாள். இல்லாத சொல்லை ஊகிக்க முடியாது. எந்த எழுத்து அவளுக்கு உண்மையிலேயே தெரியும், எது தெரியாது என்று அப்போது வெளியே வரும்.

247 எழுத்து என்று சொல்லியே பிள்ளைகளை மிரட்டிவிடுகிறோம். உயிர் 12, மெய் 18, அப்புறம் குறிகள். சிக்கல் பெரும்பாலும் குறிகளில்தான் இருக்கும். ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. "கொ" என்றால் கொம்பு இந்தப் பக்கம், துணைக்கால் அந்தப் பக்கம். கண் இரண்டு பக்கமும் போய்விட்டு வர வேண்டும். "கி", "கீ" வரை ஒழுங்காகப் போகும் பிள்ளை "கு", "டு", "து", "மு" வந்தவுடன் தடுமாறும். அங்கே குறி எல்லா மெய்க்கும் ஒரே வடிவத்தில் வருவதில்லை. போதாததற்கு "கடல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் ஒரே க, ஒலி வேறு வேறு. நமக்குப் பழகிவிட்டதால் இதெல்லாம் தெரிவதில்லை.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு இன்னொரு தொல்லை. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எட்டுவதற்குள் முதல் சொல் மறந்துபோயிருக்கும். "என்ன புரிஞ்சுது?" என்று கேட்டால் விழிப்பாள். அதைப் புத்திக்குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனம் முழுவதும் எழுத்தைக் கூட்டுவதிலேயே செலவாகிவிட்டது. ஒரே சிறு பத்தியை நாலைந்து நாள் திரும்பத் திரும்ப வாசிக்க வையுங்கள். வேகம் கூடும்போது பொருளும் தானாக வர ஆரம்பிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் எழுத்தும் ஒலியும் ஒட்டவில்லை என்றால் டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பெயரை நீங்களோ நானோ வைக்கக் கூடாது, பயிற்சி பெற்றவர் சோதித்துச் சொல்ல வேண்டும். அதுவரை ஒரு விஷயம் போதும். எல்லோர் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பென்சில் சீவப் போவது குறையும்.

கரும்பலகை ஓரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பையன் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி பெஞ்சு சொன்னபடி விரலால் காட்டித்தான் கேட்டேன். "ஆமா மிஸ், பெருசுலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தான். அவ்வளவு உறுதியாக! 52-இலிருந்து 27-இலேயே நின்றுவிட்டான். குச்சிக் கட்டைப் பிரிக்கும்போது, "அப்போ இந்த நூறு உள்ளே பத்து கட்டு இருந்துச்சா?" என்று கேட்டான். ஏழாம் வகுப்பு வரை இந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை என்று நினைக்கும்போது தொண்டை அடைத்தது. 602-இலிருந்து 347-ஐ ஏறி எண்ணும் வழியில் போட்டு 255 என்று எழுதிவிட்டு, நான் கேட்காமலேயே 347-ஓடு கூட்டிச் சரிபார்த்தான்.

அந்தப் பெண்ணின் வீட்டில் பேசிவிட்டேன், கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறார்கள். பொருளற்ற சொற்களில் கொம்பு வந்த இடமெல்லாம் தடுமாறினாள், மற்றவை பெரும்பாலும் சரி. எனக்கே ஆச்சரியம்.

ஒரு சந்தேகம். நாளைய பாடத்தை இன்றே நடத்தச் சொன்னீர்கள். வகுப்பு ஆசிரியர் எதை நடத்தப் போகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கும் ஓயாத வேலை.

மூன்றாம் மணி எழுதியது:

முழுப் பாடத்திட்டம் கேட்காதீர்கள், அவர் மலைத்துப்போவார். "நாளைக்கு முதலில் எந்தக் கணக்கு போடுவீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி. நடைபாதையில் போகிற போக்கில் பதில் சொல்லிவிடுவார். கூடவே, "இந்தப் பையன் நாளை கை தூக்கினால் ஒரு தடவை கேளுங்கள்" என்று சொல்லி வையுங்கள். அவரும் கூட்டாளியாகிவிடுவார்.

கடைசி பெஞ்சு சொன்ன திருத்தம் சரி. நானும் இனி அப்படித்தான் கேட்கப்போகிறேன்.

பையனுக்கு அடுத்து இதைக் கொடுத்துப் பாருங்கள்: 8 + 4 = □ + 5. இயற்கணிதத்துக்குப் போகும் முன் இது கட்டாயம் தெரிய வேண்டும். கட்டத்தில் 12 என்று எழுதினால், சமக்குறியை 'விடை இங்கே' என்று படிக்கிறான். 17 என்று எழுதினால், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டிவிட்டான். 7 என்று எழுதினாலும் எப்படி வந்தது என்று கேளுங்கள். என்ன எழுதினான் என்று இங்கே வந்து சொல்லுங்கள், அதை வைத்து அடுத்த படியைப் பார்க்கலாம்.